சக்கை தீர்ந்த பின் எரிவது எது?

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

நம் மொரீசியஸில் கரும்பு வெட்டு ஜூன் மாத வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். ஆலையின் கடைசி உருளையைத் தாண்டி விழும் சக்கையைக் கையில் அள்ளினால் இன்னும் ஈரமாகவே இருக்கும். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீர்தான். அந்த ஈரச் சக்கையைக் கொதிகலனில் எரித்து, எழும் நீராவியால் டர்பைனைச் சுழற்றி, ஆலையின் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு அனுப்புகிறார்கள். நம் முன்னோர் வியர்வை சிந்தி வளர்த்த பயிர் சர்க்கரையோடு வெளிச்சமும் தருவது எனக்குப் பெருமையே. ஆனால் வெட்டு முடிந்து சக்கை தீர்ந்ததும், அதே கொதிகலன்களில் கப்பலில் வந்த நிலக்கரி எரிகிறது.

மின்சாரத்தில் 60 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து 2030க்குள் பெறுவோம் என்று 2021இல் நம் நாடு உறுதி கூறியது. அதன்பின் வந்த ஆண்டுகளிலும் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றை ஒட்டியே நின்றது. வெயிலுக்கும் காற்றுக்கும் இங்கே குறைவில்லை. பாம்பூவில் 2014 முதல் சூரியத் தகடுகளும், பிளேன் தே ரோஷில் 2016 முதல் காற்றாலைகளும் இயங்குகின்றன. ஆயினும் வீடுதோறும் விளக்கேற்றும் நேரத்தில் சூரியன் மறைந்துவிடுகிறது. கண்டத்து நாடுகள் அத்தகைய வேளையில் அண்டை நாட்டிடம் மின்சாரம் வாங்கலாம். கடல் நடுவே தனித்திருக்கும் நமக்கு அந்த வழியில்லை. ஆகவே தகடுகளுக்குச் செலவிடும் அக்கறையைப் பெரிய மின்கலங்களுக்கும் செலவிட வேண்டும். புயலுக்கும் வழி உண்டு: ரொட்ரிக்ஸ் தீவின் கிரனாட்டில், புயல் வருமுன் கோபுரத்தோடு தரையில் சாய்த்துவிடக்கூடிய காற்றாலைகளை நிறுவியிருக்கிறார்கள்.

அண்டைத் தீவான ரீயூனியன் நிலக்கரியைக் கைவிட்டது பாராட்டுக்குரியது. ஆனால் அங்கே மாற்றாக எரியும் மரத்தூள் வில்லைகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. அந்த வழியை நாம் முதல் வழியாகக் கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நம் எரிபொருள் நம் வயலிலேயே விளைகிறது. கட்டுப்படியாகவில்லை என்று சிறு விவசாயிகள் கரும்பைக் கைவிடக் கைவிட, சக்கையும் குறைந்து வருகிறது. சர்க்கரைக்கு மட்டுமன்றிச் சக்கைக்கும் நியாயமான விலை அவர்கள் கைக்குச் சேர்ந்தால்தான் தரிசாகிக் கிடக்கும் வயல்களில் மீண்டும் கரும்பு நடுவார்கள். வெட்டிய பின் வயலிலேயே விடப்படும் தோகையில் ஒரு பகுதியை மண்ணுக்கு விட்டுவிட்டு, மறுபகுதியைத் திரட்டி உலர்த்திச் சேமித்தால், ஜனவரிக்குப் பின்னும் சில வாரங்களுக்கேனும் நிலக்கரியைக் குறைக்கலாம்.

நன்றி, வணக்கம்.