ஸ்டோக் ரோவில் காசி ராஜா வெட்டின கிணறு

நேயர்களுக்கு வணக்கம். எனக்குக் கிணறுன்னா ஒரு பைத்தியம், எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல கிணத்தைத்தான் தேடுவேன், அதனால இங்கிலாந்துல இருக்கற ஸ்டோக் ரோங்கிற குட்டிக் கிராமத்தைப் பத்திப் பேசறேன்னா அது கிணத்துலதான் ஆரம்பிக்கும்.

ஆக்ஸ்போர்டுஷைர்ல சில்டர்ன் குன்று மேல இருக்கற ஊர். எப்பவும் மழை பெய்யற நாட்டுல தண்ணிப் பஞ்சமான்னு கேப்பீங்க. பஞ்சம்தாங்க! அடியில சுண்ணாம்புப் பாறை, பெய்யறதெல்லாம் கீழ இறங்கிடும், ஜனங்க குட்டையில தேங்கற கலங்கத் தண்ணியத்தான் மொண்டு குடிச்சாங்க.

அந்தப் பக்கத்து இப்ஸ்டன்காரர் எட்வர்ட் ரீட், வட இந்தியாவுல அதிகாரியா இருந்தவர். 1831ல அசம்கர்ல ஜனங்களுக்குக் கிணறு வெட்ட உதவினாரு. அவர் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிட்ட பேச்சுவாக்குல, எங்க பக்கம் ஒரு பையன் வீட்டுல இருந்த கடைசித் தண்ணியக் குடிச்சிட்டான்னு அம்மாகிட்ட அடி வாங்கினான்னு சொல்லியிருக்காரு. ராஜா அத மறக்கல பாருங்க. பிற்பாடு இங்கிலாந்துல ஏதாவது தர்மம் பண்ணணும்னு நினைச்சப்ப, அந்த ஊருக்குக் கிணறு வெட்டுங்கன்னு பணம் குடுத்துட்டாரு.

ஆழம் 368 அடி. போர்வெல் போட்டவங்க இதென்ன பெரிசும்பீங்க. கையால தோண்டினதுங்க! அகலம் வெறும் 4 அடி, அதுக்குள்ள இறங்கி வெட்டி, வெட்டின மண்ண வாளி வாளியா மேல ஏத்தி... திரும்பவும் சொல்றேன், கையால. லண்டன் செயின்ட் பால் சர்ச்சோட உயரமே 365 அடிதான். அந்தக் காலத்துல தண்ணி ஒரு வாளி மேல வரவே 10 நிமிஷம் ஆச்சாம்.

1864 மே 24, விக்டோரியா ராணி பொறந்தநாள் அன்னிக்குத் திறந்தாங்க. தண்ணி எல்லாருக்கும் இலவசமாக் குடுத்தாங்க. காவல்காரருக்கு ஒரு குட்டி வீடு, பராமரிப்புச் செலவுக்குப் பக்கத்துலயே செர்ரித் தோப்பு, கோயில் விளக்குக்கு நிலம் எழுதி வெக்கிற மாதிரியேதான். வெறும் கிணறு வெட்டிட்டுப் போறவன் பாதி தர்மம்தான் பண்றான், அத யார் பாத்துக்கறதுன்னு யோசிச்சவன்தான் ராஜா! மேல ஒரு கும்மட்டம், அதுக்கடியில இறைக்கிற மெஷின் மேல தங்க முலாம் பூசின யானை. இங்கிலீஷ் கிராமத்து நடுவுல யானை!

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து கையக் காட்டறாங்க, நேரமாச்சு. ஒரு காலத்துல அங்க நாற்காலிக்கால் கடையற தொழிலும் நடந்துச்சு. 1840கள்ல கட்டின சர்ச்சு, டைட்டானிக் பட நடிகை கேட் வின்ஸ்லெட் கல்யாண விருந்து வெச்ச க்ரூக்டு பில்லட் பப் கட்டடம், எல்லாம் அப்படியே நிக்குது. ரெடிங், ஹென்லி பக்கம் சொந்தக்காரங்க இருந்தா ஒரு நடை கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. வணக்கம்.