மறை கழண்டது யாருக்கு?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ‘சதிக்கதைகளை நம்பவைப்பது மனநோயே’ என்கிறது அந்த அணி. ‘மனித இயல்பே’ என்கிறோம் நாங்கள்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு வரி சொன்னார். நீங்களும் கைதட்டினீர்கள். “நிலவில் மனிதன் கால் வைக்கவே இல்லை என்கிறவனோடு என்ன வாதம்? மறை கழண்ட கேஸ் அது. ஒரு ஊசி போட்டுப் படுக்கவைத்தால் சரியாகிவிடும்” என்றார். அண்ணே, குறித்து வைத்திருந்த மற்றதையெல்லாம் மடித்து வைத்துவிட்டேன். அந்த ஊசிக்குப் பதில் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

ஊசி போட்டுப் படுக்கவைத்த ஒரு அம்மாவின் கதை இது. 1972, ஜூன் மாதம். வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில், எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபடுகிறார்கள். அதிபர் நிக்சனின் தேர்தல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜான் மிட்செல். அவர் மனைவி மார்த்தா அப்போது கலிஃபோர்னியாவில் ஒரு ஓட்டல் அறையில் இருக்கிறார். பேப்பரைப் பார்க்கிறார். பிடிபட்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மெக்கார்டு. தன் கணவரின் குழுவிலேயே பாதுகாப்பு வேலை பார்த்தவர், தனக்கும் நன்றாகத் தெரிந்த ஆள். அந்த அம்மாவுக்குப் பொறி தட்டிவிட்டது. ஹெலன் தாமஸ் என்ற பத்திரிகையாளருக்குப் போன் போட்டுப் பேச ஆரம்பிக்கிறார். காவலுக்கு இருந்த ஆள் வந்து போன் ஒயரைச் சுவரோடு பிடுங்கிவிடுகிறார்.

அப்புறம் நடந்ததுதான் அண்ணன் சொன்ன வைத்தியம். அவரை அறையைவிட்டு வெளியே விடவில்லை. ஆட்கள் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மயக்க ஊசி போட்டார்கள். வெளியே வந்து நடந்ததைச் சொன்னால், “அவருக்குக் குடிப்பழக்கம், மனசு சரியில்லை” என்று ஊரெல்லாம் கிசுகிசு பரப்பினார்கள்.

மறுபடியும் ஒருமுறை அந்த அறைக்குப் போவோம். சுவரில் பிய்ந்து தொங்கும் ஒயர். கட்டிலில் மயங்கிக் கிடக்கும் ஒரு பெண். கதவுக்கு வெளியே அண்ணனை நிறுத்துகிறேன். உள்ளேயிருந்து குரல் வருகிறது: “அதிபரின் ஆட்கள் என்னை அடைத்து வைத்திருக்கிறார்கள்! ஊசி போட்டு வாயை அடைக்கிறார்கள்!” கேட்பதற்கு அச்சு அசல் சதிக்கதை. அண்ணன் என்ன செய்திருப்பார்? மறை கழண்ட கேஸ் என்று நடந்து போயிருப்பார். அவர் கெட்டவர் என்பதால் இல்லை, அந்த ஒரு வார்த்தை காதை அடைத்துவிடும் என்பதால்.

அந்த வாட்டர்கேட் விவகாரம் அம்பலமாகி, 1974-ல் நிக்சன் பதவி விலகினார். ஜான் மிட்செல் பின்னால் சிறைக்குப் போனார். 1975-ல், யார் பெயரைப் பார்த்து மார்த்தாவுக்குப் பொறி தட்டியதோ அதே மெக்கார்டு, அவர் சொன்னது உண்மை என்றார். அடுத்த வருஷமே புற்றுநோயில் மார்த்தா போய்விட்டார். அவருடைய இறுதிச் சடங்குக்கு ஒரு மலர் அலங்காரம் வந்தது. வெள்ளைச் சாமந்தியில் எழுத்துக்கூட்டியிருந்தார்கள்: ‘மார்த்தா சொன்னது சரி’. ஒருவர் சொல்லும் உண்மையைப் பிரமை என்று முடிவுகட்டும் தவறுக்கு, மனநலத் துறையிலேயே இன்று ‘மார்த்தா மிட்செல் விளைவு’ என்று பெயர்.

சரி, அப்படியானால் எல்லாச் சதிக்கதையும் உண்மையா? இல்லவே இல்லை. மனிதன் நிலவுக்குப் போனான். ஆறு முறை இறங்கி, 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தான். அதை மறுப்பவர் சொல்வது தப்பு. தப்பு என்பது வேறு, நோய் என்பது வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரமைகளை நிஜமென்று நம்பவைக்கும் மனச்சிதைவு நோய் உலகத்தில் ஏறக்குறைய முந்நூறு பேரில் ஒருவருக்கு. அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏதாவது ஒரு சதிக்கதையையாவது ஒப்புக்கொள்கிறவர்கள் சுமார் பாதிப் பேர். பாதி நாட்டுக்கு ஊசி போட முடியுமா?

பதற்றமும் சந்தேகக் குணமும் கூடியவர்களிடம் இந்த நம்பிக்கையும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவது உண்மைதான், நான் மறைக்கவில்லை. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. நோயாக முற்றிய சந்தேகம், ‘எல்லாரும் சேர்ந்து என்னைக் கெடுக்கப் பார்க்கிறார்கள்’ என்கிறது. சதிக்கதை, ‘நாலு பெரிய மனிதர்கள் நம் எல்லாரையும் கெடுக்கிறார்கள்’ என்கிறது. முதலாமவர் தன்னந்தனியாக நிற்கிறார். இரண்டாமவருக்குக் கூட ஒரு கூட்டமே இருக்கிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிகள் சொன்னதை, 2008-ல் விட்சன், காலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தே காட்டினார்கள். எதுவும் தன் கையில் இல்லை என்ற உணர்வை உண்டாக்கிவிட்டு, புள்ளிகள் இறைந்த படங்களைக் காட்டினால், ஒன்றுமே இல்லாத படத்திலும் உருவம் கண்டார்கள். நோயாளிகள் இல்லை, உங்களையும் என்னையும் போன்றவர்கள். வேலை போனால், தொற்று பரவினால், யாரும் பதில் சொல்லாவிட்டால் நமக்கும் அந்தப் படம் தெரியும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரு நிமிடம் கொடுங்கள். ‘மறை கழண்டவன்’ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது மேடையில் இல்லை. எங்கள் வீட்டு வாசலில்.

என் கூடப்பிறந்த அண்ணனுக்கு மனச்சிதைவு. அவன் எந்தச் சதிக்கதையையும் யாருக்கும் அனுப்பியதில்லை. கூட்டம் சேர்த்ததில்லை. அவனுக்குக் குரல்கள் கேட்கும், அவ்வளவுதான். சுவருக்குப் பின்னால் யாரோ தன் பெயரைச் சொல்கிறார்கள் என்று ராத்திரி பூராவும் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பான். காது சிவந்து போயிருக்கும். பகலில் தெருவில் இறங்கினால் பையன்கள் அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நிலவைப் பற்றிப் பொய் சொல்கிறவரைத் திட்ட நீங்கள் எடுத்த கல், அண்ணே, போய் விழுகிற இடம் அவன் முதுகு.

ஒரு ராத்திரி அவன் அம்மாவை எழுப்பி, “உனக்கும் கேக்குதாம்மா?” என்றான். நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று அம்மா பொய் சொல்லவில்லை. போய்ப் படுடா என்று அதட்டவும் இல்லை. எழுந்துபோய் அந்தச் சுவரில் தானும் காதை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அப்புறம் சொன்னாள்: “எனக்குக் கேக்கலப்பா. உனக்குக் கேக்குதுன்னு தெரியுது. நான் இங்கயே உக்காந்துக்கிறேன், நீ படு.”

அன்றைக்கு அவன் தூங்கினான். அம்மா விடியும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

வணக்கம்.