எழுதிய கையா, பாடிய குரலா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஆடிப் பண்டிகைக்குத் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் சேலம் அம்மாபேட்டை மக்களே, வணக்கம்.

சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாட்டு இத்தனை காலம் நிற்பதற்குக் காரணம் எழுதிய கையா, பாடிய குரலா என்று கேட்கிறது தலைப்பு. எழுதிய கைதான் என்பது எங்கள் கட்சி. பாடிய குரல்தான் என்ற எதிரணித் தலைவர், நாடக மேடையில் பாடிப் புகழ்பெற்ற எஸ்.ஜி.கிட்டப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒத்துக்கொள்கிறேன், அப்படி ஒரு குரல் இனி வராது. ஆனால் கிட்டப்பா 1933-லேயே போய்விட்டார், முப்பது வயதுகூட ஆகவில்லை. குரல்தான் காரணம் என்றால் பாட்டும் பின்னாலேயே போயிருக்க வேண்டாமா?

சரி, சுவாமிகள் யாருக்காக எழுதினார்? 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவை ஆரம்பித்தார். பின்னாளில் நாடக மேடையில் பேர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பாடம் படித்த பிள்ளைகள்தான். பையன்களே எல்லா வேஷமும் கட்டும் இந்த மாதிரி பாய்ஸ் கம்பெனிக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு: மகரக்கட்டு, அதாவது வயசுக்கு வரும்போது குரல் உடைவது. நேற்று வரை ‘வள்ளி திருமண’ நாடகத்தில் வள்ளியாகக் குயில்போல் பாடிய பையனுக்கு ஒருநாள் காலையில் தொண்டை உடைந்து, தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டியதுபோல் ஆகிவிடும். அன்று ராத்திரியே வேறொரு பையனுக்குச் சேலை கட்டியாக வேண்டும். குரலை நம்பி எழுத முடியுமா? யார் வாயில் போட்டாலும் நிற்கிற மாதிரி எழுதினார். அபிமன்யு நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று அந்தச் சகோதரர்களில் ஒருவரான, அதில் நடித்த டி.கே.சண்முகமே பதிவு செய்திருக்கிறார்.

நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து ஒரு ராத்திரிக்குச் சேர்த்துப் போடுகிற ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். அடேயப்பா, முன்வரிசைப் பாட்டிகள் அத்தனை பேருமா! கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. அரிதாரம் பூசும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். “இன்னைக்கு நீங்கதான் வள்ளியா?” என்று நாரதர் கேட்பார். அப்புறம் அந்த இரண்டு பேரும் மணிக்கணக்கில் தர்க்கம் பண்ணுவார்கள். எப்படி? இரண்டு பேரும் மனப்பாடம் செய்தது ஒரே வாத்தியாரின் பாடம். நடுவில் சினிமாப் பாட்டு நுழைகிறதே என்றார் எதிரணிச் சகோதரி. நுழையட்டுமே. அது வருஷத்துக்கு ஒன்று மாறுகிறது, வள்ளி தினைப்புனத்தை விட்டு நகரவில்லை.

சுவாமிகளுக்கே கடைசியில் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. 1922-ல் புதுச்சேரியில் காலமானார்.

என் அப்பாவுக்குக் கட்டைக் குரல். அவர் பாட ஆரம்பித்தால் அம்மா ரேடியோவைச் சத்தமாக வைப்பார். குழித்தறியில் உட்கார்ந்து அந்தத் தர்க்கப் பாட்டை முனகுவார். வள்ளி கேட்கிற இடத்தில் மிதி மெதுவாக விழும், நாரதர் பதில் சொல்லும்போது நாடா பறக்கும். இழை அறுந்தால் பாட்டும் நிற்கும். முடிச்சுப் போட்டுவிட்டு, விட்ட சொல்லிலிருந்தே எடுப்பார். ஒரு சொல் மாறாது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு இறங்குகிறேன். குரலின் பெருமையைக் காட்ட எதிரணித் தலைவர் வள்ளி திருமணத்திலிருந்து இரண்டு வரி பாடினார் அல்லவா? சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இருந்தும் பந்தலே கைதட்டியது. தலைவரே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்தக் கைதட்டல் உங்கள் குரலுக்கா?