குறி எப்போது திரும்பும்?

வணக்கம் நண்பர்களே! இன்றைக்கு நேரிய அசமன்பாடு, அதாவது = குறி இருக்கும் இடத்தில் <, >, ≤, ≥ குறிகளில் ஒன்று வரும் கணக்கு. சமன்பாடு போடத் தெரிந்தவர்களுக்கு இதில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும். மிச்சக் கால்வாசியில்தான் மார்க் போகிறது, அதனால் அங்கேதான் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறோம்.

போர்டைப் பாருங்கள். 5 − 2எக்ஸ் < 11. இரண்டு பக்கமும் 5-ஐக் கழித்தால் −2எக்ஸ் < 6. இப்போது −2-ஆல் வகுக்க வேண்டும். குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். சரி, ஏன் திரும்புகிறது? எண்கோட்டில் 2, 5 இரண்டையும் குறியுங்கள். 5 வலப்பக்கம் இருக்கிறது, அதனால் பெரியது. இரண்டையும் −1-ஆல் பெருக்குங்கள். பூச்சியத்தில் கண்ணாடியை நிறுத்தினதுபோல இரண்டும் அந்தப் பக்கம் போய்விடும். இப்போது −5 இடக்கோடியில், −2 அதற்கு வலப்பக்கம். வரிசையே மாறிவிட்டது, குறி திரும்பாமல் என்ன செய்யும்? ஆக, எக்ஸ் > −3.

சந்தேகம் இருந்தால் 0 போட்டுப் பாருங்கள்: 5 < 11, சரி. −4 போட்டால் 13 < 11, தப்பு. பத்து நொடி வேலை, பரீட்சையில் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.

அடுத்து, வரைவது. −3 விடையில் சேராது. அங்கே வெற்று வட்டம், அதிலிருந்து வலப்பக்கம் அம்பு. ≤, ≥ வந்தால் வட்டத்தை நிரப்புங்கள். கேள்வியில் 'எக்ஸ் ஒரு முழு' (பின்னம் இல்லாத எண், குறை எண்ணும் சேர்த்து) என்று இருந்தால் கோடே கிடையாது. −2, −1, 0, 1, ... என்று புள்ளிகள் மட்டும்தான்.

இப்போது ஒரு ஆட்டோ கணக்கு. சென்னையில் 2013-இல் அரசு வைத்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. (மீட்டர் போட்டார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.) கையில் 100 ரூபாய். மேற்கொண்டு போகும் தூரம் எக்ஸ். 25 + 12எக்ஸ் ≤ 100, அதாவது எக்ஸ் ≤ 6.25. அங்கே நிரப்பிய வட்டம். ஆனால் இடப்பக்கம் அம்பு போட்டுவிடாதீர்கள்! தூரம் குறை எண் ஆகாதே. 0-விலேயே நிறுத்தி, அங்கேயும் வட்டத்தை நிரப்புங்கள். இந்த 0 அசமன்பாட்டுக்குள் எங்கேயும் எழுதியிருக்காது, நாம்தான் கேள்வியிலிருந்து எடுக்க வேண்டும். மொத்தத்தில் 8.05 கிலோமீட்டர் வரை போகலாம்.

வீட்டுப்பாடம்: −2 < 3எக்ஸ் + 4 ≤ 13. மூன்று பகுதியிலும் ஒரே வேலையைச் செய்யுங்கள். எந்த முனையில் வெற்று வட்டம், எதில் நிரப்பியது? கமெண்டில் போடுங்கள்.