பயத்துக்குப் போட்ட மாத்திரை

(டில்லி ஆர்.கே.புரத்தில் தமிழ் அன்பர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பர்களே, வணக்கம்.

கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய மருந்துச் சீட்டு உங்களுக்கு மறந்திருக்காது. அஜித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின், ஐவர்மெக்டின், ஜிங்க், வைட்டமின் சி. யாருக்கோ எந்த டாக்டரோ எழுதிக் கொடுத்தது. மயூர் விஹார் மாமி அதை மயிலாப்பூர் தங்கைக்கு அனுப்புவார், தங்கை பிட்ஸ்பர்க் மகனுக்கு. கெமிஸ்டிடம் போய் "பையா, அஜித்ரோ ஐந்நூறு" என்றால் போதும், ஸ்ட்ரிப் கைக்கு வந்துவிடும்.

அந்தப் பட்டியலில் முதல் இரண்டும் ஆன்டிபயாட்டிக். பாக்டீரியாவுக்குள் புரதம் தயாராகும் இடம் ரைபோசோம். அங்கே போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துவதுதான் அஜித்ரோமைசினின் வழி. வைரஸுக்குச் சொந்தமாக ரைபோசோமே கிடையாது. அப்புறம் மாத்திரை எங்கே போய் ஒட்டும்?

ஆனாலும் 2020-இல் எழுதிக் கொடுத்த டாக்டர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. 1918 ஃப்ளூவில் செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது, வைரஸுக்குப் பின்னால் நுரையீரலில் நுழைந்த பாக்டீரியா. அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதினார்கள். சரி, புரிந்துகொள்ளலாம். ஆனால் 2020 டிசம்பரிலேயே பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்து, அஜித்ரோமைசினால் பலனில்லை என்று சொல்லிவிட்டது. இரண்டாவது அலை இங்கே வந்தது 2021 ஏப்ரலில். அப்போதும் அதே சீட்டு! இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2024-இல் கணக்குக் கொடுத்தது. 65 நாடுகள், சுமார் நாலரை லட்சம் நோயாளிகள். கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் பாக்டீரியா தொற்றும் சேர்ந்து இருந்தவர்கள் 8 சதவீதம். ஆன்டிபயாட்டிக் வாங்கிக்கொண்டவர்கள் ஏறக்குறைய 75 சதவீதம்.

நான் மைக்ரோபயாலஜி ஆய்வகத்துக்காரன். கெமிஸ்ட் கடையை விட எனக்கு ஐசியூவைப் பற்றித்தான் அதிகம் கவலை. கவச உடை போட்டவர் இரட்டைக் கையுறை போட்டிருப்பார். மேலே இருக்கும் ஜோடியை ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்ற வேண்டும். ஐந்து பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருவர் பார்க்கும்போது யார் மாற்றுவார்கள்? ஒரே கையுறை ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போனது. உடை ஊழியரைக் காப்பாற்றியது. ஐசியூக்களில் பரவும் க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவுக்கோ சவாரி கிடைத்தது.

அதை நாங்கள் தட்டில் பார்த்தோம். பாக்டீரியாவைப் பரப்பிய தட்டில் மருந்து நனைத்த சின்னச் சின்ன வட்டத் துண்டுகளை வைத்து ஒரு ராத்திரி விட்டால், வேலை செய்யும் மருந்தைச் சுற்றி எதுவும் முளைக்காமல் வட்டம் தெளிவாக இருக்கும். எந்த மருந்துக்கும் வட்டமே விழாத தட்டுகள் வந்தன. கடும் தொற்றுக்குக் கொடுக்கும் வலுவான ஆன்டிபயாட்டிக்கான மெரோபெனத்தின் துண்டு விளிம்பு வரைக்கும் பாக்டீரியா மண்டிக் கிடக்கும். கையில் மிச்சம் இருந்த மருந்து கோலிஸ்டின். அதை இந்த வட்டத் துண்டு வைத்துச் சோதிக்கவும் முடியாது, தனிச் சோதனை வேண்டும். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் பழைய மருந்து அது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் 2020-இல் பத்து மருத்துவமனைகளில் பார்த்தபோது, கொரோனா நோயாளிகளில் வேறு கிருமியால் இரண்டாம் தொற்று வந்தவர்கள் 3.6 சதவீதம்தான். ஆனால் அவர்களில் பாதிக்கும் மேல் இறந்துபோனார்கள்.

டில்லிக்காரர்களுக்கு இது புதிதல்ல. டில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் 2008-இல் கண்டுபிடித்த என்டிஎம்-1, மெரோபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் பாக்டீரியா நொதி. அதற்கு நம் ஊர்ப் பெயரையே வைத்தார்கள், 'என்டி' என்றால் நியூ டெல்லி. அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய 2010 கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. ஊர்ப் பெயர் கெட்டுப்போனதே என்று இங்கே ஒரே ரகளை. அந்தக் கோபத்தில் பாதியைக் கை கழுவுவதில் காட்டியிருக்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் முதல் அட்டவணை எச்1 அமலில் இருக்கிறது. அதில் உள்ள மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். உங்கள் பேட்டைக் கடையில் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்.

வீட்டில் யாராவது ஐசியூவில் இருந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்னால் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்தீர்களா? ரிப்போர்ட் வந்த பிறகு மருந்தைக் குறைத்தீர்களா, நிறுத்தினீர்களா? கொரோனா நெரிசலில் முதலில் விட்டுப்போனவை இவைதான், இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை. டாக்டர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வரலாம். மாமா, பையிலிருந்து அந்த ஸ்ட்ரிப்பை எடுக்காதீர்கள், நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை.