மண்டைக்குள் கம்பி வைத்தால் வலிப்பு நிற்குமா? சென்னை போய்வந்த கதை

வணக்கம் உறவுகளே, ரங்கூனிலிருந்து பேசுகிறேன். இன்றைக்குச் சமையலும் இல்லை, கோயில் திருவிழாவும் இல்லை. கரண்ட் போவதற்குள் பேசி முடிக்க வேண்டும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் தம்பிக்கு வலிப்பு இருப்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். 11 வயதில் தொடங்கியது, இப்போது அவனுக்கு 32. மூன்று மருந்து மாற்றியாகிவிட்டது. போன மாதம் சென்னையில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். கிளம்பும் முன்பே அம்மா ஒரு செய்தியோடு வந்தார். காளி கோயில் பக்கத்துச் சந்தையில் யாரோ சொன்னார்களாம், மூளைக்குள் கம்பி வைத்து கரண்ட் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்று. தம்பி சிரித்தான்: "இத்தனை வருஷமா கையில சாவிக்கொத்தைத் திணிச்சீங்க, இனி இரும்பை மண்டைக்குள்ளேயே வெச்சிடுங்க."

சாவி கொடுப்பதால் ஒன்றும் ஆகாது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, அந்தக் கம்பி. ஆழ்மூளைத் தூண்டல் என்று பெயர், டாக்டர்கள் டிபிஎஸ் என்பார்கள். மண்டை ஓட்டில் இரண்டு பக்கமும் சிறு துளை போட்டு, மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியின் முன்பக்கக் கருவுக்குள், அதாவது அங்கே இருக்கும் நரம்பணுக் கொத்துக்குள், மெல்லிய மின்முனைகளை இறக்குகிறார்கள். அதிலிருந்து வயர் காதுக்குப் பின்னால், கழுத்துத் தோலுக்கு அடியில் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே நெஞ்சில் புதைத்த பாட்டரிப் பெட்டிக்குப் போகிறது. ஏன் அந்த இடம்? மண்டலே ரயிலும் மோல்மேன் ரயிலும் பெகுவில்தானே பிரிகின்றன? தலாமஸும் அப்படி ஒரு ஜங்ஷன். வலிப்பு மூளையின் ஒரு மூலையில் கிளம்பினாலும் பரவுவதற்கு இந்த மாதிரி ஜங்ஷன்கள் வழியாகப் போகிறது. அங்கே விட்டுவிட்டு மின்துடிப்பு கொடுத்தால் பரவுவது குறைகிறது. ஆராய்ச்சியில் வைத்த கணக்கு ஒரு நிமிஷம் ஓட்டம், ஐந்து நிமிஷம் ஓய்வு.

"நின்றுவிடும்" என்று அம்மா கேட்டு வந்தாரே, அங்கேதான் நான் டாக்டரை விடாமல் கேட்டேன். 2010-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் 110 பேருக்குக் கருவி வைத்தார்கள். முதல் மூன்று மாதம் பாதிப் பேருக்குத்தான் கரண்ட், மீதிப் பேருக்குக் கருவி சும்மா கிடந்தது. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. கரண்ட் கிடைத்தவர்களுக்கு வலிப்பு 40% குறைந்தது, சும்மா கிடந்தவர்களுக்கும் 14.5% குறைந்தது! அப்புறம் எல்லோருக்கும் கரண்ட் கொடுத்துத் தொடர்ந்து பார்த்ததில் இரண்டு வருஷத்தில் 56%, ஐந்து வருஷத்தில் 69%. இவை நடுமதிப்பு, அதாவது பாதிப் பேருக்கு அதைவிட அதிகம் குறைந்தது, பாதிப் பேருக்கு அதைவிடக் கம்மி. ஆறு மாதமாவது ஒரு வலிப்பும் இல்லாமல் இருந்தவர்கள் 16%தான். மாத்திரையையும் விட முடியாது.

எனக்குப் பயம் தந்தது வேறு. கரண்ட் ஓடியவர்களில் 15% பேர் அளவில் மனச்சோர்வு சொன்னார்கள், ஓடாதவர்களில் 2% அளவில்தான். ஞாபகக் குறைவும் கிட்டத்தட்ட அப்படியே. தம்பி ஏற்கெனவே ஒதுங்கி இருக்கிறவன். பர்மியர்கள் இந்த நோயை 'வெ யூ பியான்' என்கிறார்கள், பன்றிப் பைத்தியம் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் இருட்டைச் சேர்ப்பதா?

டாக்டர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "மருந்தை ஒழுங்காச் சாப்பிட்டானா?" நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இங்கே மருந்து கிடைக்காத வாரங்கள் இருக்கின்றன. கடையில் வேறு கம்பெனி கொடுப்பார்கள், சில நாள் பாதி மாத்திரை. பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் நிற்கவில்லை என்றால்தான் அது மருந்துக்கு அடங்காத வலிப்பாம். அமெரிக்காவில் 2018-ல் இந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தபோதும், மூன்று மருந்தோ அதற்கு மேலோ பார்த்தும் நிற்காத பெரியவர்களுக்கு என்றுதான் கொடுத்தார்கள். நாங்கள் மூன்று மருந்து சாப்பிட்டோமா, மூன்று மருந்து வாங்கினோமா என்றே இப்போது எனக்குச் சந்தேகம்.

அதோடு கம்பிக்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய. நாள்கணக்கில் படுக்க வைத்து வீடியோவும், மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜியும் சேர்த்து எடுப்பார்கள், எம்ஆர்ஐ எடுப்பார்கள். வலிப்பு ஒரே இடத்திலிருந்து கிளம்பி, அந்த இடத்தைப் பாதகமில்லாமல் வெட்டி எடுக்க முடிந்தால் அதுதான் முதல் யோசனை. அதில் முழுதாக நின்றுபோகும் வாய்ப்பே அதிகம். கம்பி, அது முடியாதவர்களுக்கு.

வைத்தாலும் கதை முடியாது. அளவைக் கூட்டிக் குறைக்கத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். சார்ஜ் போட முடியாத பாட்டரி என்றால் சில வருஷத்தில் மறுபடி நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும். சார்ஜ் போடும் வகை நீண்ட நாள் உழைக்கும், ஆனால் நம் ஊர் கரண்ட்டை நம்பி மூளையை ஒப்படைப்பதா என்று தம்பி கேட்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போதைக்குக் கம்பி இல்லை. ஒரே கம்பெனி மாத்திரை ஆறு மாதத்துக்கு வாங்கி வந்துவிட்டோம். மாதம் எத்தனை தடவை வருகிறது என்று டாக்டர் கேட்டபோது "நாலைந்து" என்றோம். நாலா, ஐந்தா என்றார். அதனால் அம்மா தினசரி காலண்டரைக் கிழிப்பதை நிறுத்திவிட்டு, வந்த நாளில் சிவப்பு வட்டம் போடுகிறார். இந்த மாதம் 19 தேதி ஆகிறது, வட்டம் இரண்டு.