ஆனைமுடியை விட்டு இறங்க முடியாத தவளை

(திரை: மேகம் மூடிய ஆனைமுடி, கீழே தேயிலைத் தோட்டம்)

மூணாறு எஸ்டேட் லயத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் ஆனைமுடிப் பக்கம் வரையாடு மேயும், குறிஞ்சி பூக்கும் என்பார்கள். அதே உச்சியில் ஒரு அங்குல அளவில், பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு தவளை இருப்பது 2010 வரை அறிவியல் உலகுக்குத் தெரியாது. தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜு குழுவினர் வைத்த பெயர் ராவோர்செஸ்டஸ் ரெஸ்ப்ளென்டென்ஸ். வாயில் நுழையவில்லையா, விடுங்கள்.

(திரை: முதுகு, மிக அருகில்)

முதுகைப் பாருங்கள், வேர்க்குரு போட்ட மாதிரி புடைத்த சுரப்பிகள். இதன் சொந்தபந்தமெல்லாம் செடியேறும் புதர்த்தவளைகள், ஆனால் இதற்குக் கை கால் ரொம்பக் குட்டை என்பதால் தாவாமல் தரையோடு ஊர்ந்து போகிறது, பார்ப்பவர்கள் தேரை என்றே நினைப்பார்கள்.

முதலில் கண்டுபிடித்தபோது இதன் இடம் உச்சியைச் சுற்றி 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு என்றார்கள். அப்புறம் ஆனைமுடி இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவின் மேட்டுநிலத்தில் வேறு இடங்களிலும் கிடைத்தது. அதைச் சேர்த்தாலும் ஒரே மலைத்தொகுதிதான்.

(திரை: வரைபடம், ஆனைமுடியும் மீசைப்புலிமலையும்)

சரி, எதிரே மீசைப்புலிமலை இருக்கிறதே, அங்கே போகக் கூடாதா? போகலாம், ஆனால் 2,695 மீட்டர் உச்சியிலிருந்து சுமார் 1,500 மீட்டரில் இருக்கும் மூணாறுப் பள்ளத்தில் இறங்கி, டவுனையும் தோட்டத்தையும் கடந்து மறுபடி ஏற வேண்டும். குளிரும் ஈரமும் விட்டால் தாங்காத உடம்புக்கு அந்தப் பள்ளம் கடல்தான்.

முட்டையைக் குளத்திலும் ஓடையிலும் இடுவதில்லை. குட்டை மூங்கில் தூரின் அடியில், ஈரமான சருகுக்குள் இடுகிறது. தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, வளர வேண்டியதெல்லாம் முட்டைக்குள்ளேயே வளர்ந்து முடிந்து, நாலு காலோடு குட்டித் தவளையாகத்தான் வெளியே வரும். குளம் தேவையில்லை என்பது வசதிதான், ஆனால் மண்ணில் ஈரம் போனால் முட்டை காய்ந்துவிடும். புல்மேட்டில் தீப்பிடித்தாலும் அதே கதி.

வெயில் கூடினால் மற்ற மலை உயிர்கள் கொஞ்சம் மேலே ஏறித் தப்பிக்கும். இது இருப்பதே கடைசி மாடியில், தென்னிந்தியாவில் இதைவிட உயரமான சிகரம் இல்லை. மிக அருகிவரும் இனம் என்று பட்டியலிட்டது சும்மா இல்லை.

கமெண்டில் எப்படியும் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன்: ராஜமலை பஸ்ஸில் போனால் இதைப் பார்க்க முடியாது, சுற்றுலாப் பயணிகளை விடும் பகுதி வேறு. வரையாடு பெரும்பாலும் கண்ணில் படும், அதைத் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.